அத்தையின் முதுகு

6 பிப்ரவரி, வியாழன்

இன்று டாக்டர் குர்ஹான் என் கணவனைப் பொய்யன் என்றார். அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, "மாத்திரைய ஒழுங்கா போட்டிருந்தா அடுத்த கால்லயும் இரத்தக் கட்டி வந்திருக்காதே தம்பி?" என்றார். அதற்கு நேராகவே திட்டியிருக்கலாம்.

போன இலையுதிர் காலத்தில் இடது கால். இப்போது வலது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போதே தொடை வரை வீக்கம். இல்கெர் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. படகில் கயிறு கட்டுகிறவன்; கோனாக் படகுத்துறையில் பயணிகளை இறக்கிவிட்டு, அந்த இரைச்சலுக்கு நடுவே மாத்திரையை விழுங்குகிறவன். எனக்குத் தெரியும். நான்தான் பெட்டியில் பிரித்து வைக்கிறேன்.

"சார், அவர் மாத்திரை போட்டுட்டுத்தான் இருந்தார். கட்டி ஏன் வருதுன்னு பார்க்க வேண்டாமா? இரத்தக் குழாயோட சுவரே அழன்று போயிருந்தா?" என்றேன்.

"மேடம், கிண்ணத்துல வளர்ற செல்லுக்கு நீங்க டாக்டர். மனுஷனுக்கு நான்."

பக்கத்திலிருந்த பயிற்சி டாக்டர்கள் சிரித்தார்கள். இல்கெரும் மரியாதைக்காகச் சிரித்தான். அவன் சிரித்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை.

8 பிப்ரவரி

மாத்திரையின் அளவைக் கூட்டியாயிற்று. இல்கெருக்கு வாய்ப்புண்ணும் வந்துவிட்டது. வழக்கம்போல் அத்தை, இல்கெரின் அம்மா, புண்ணுக்கு மருந்தாகக் கருப்பு மல்பெரிச் சாறு ஒரு குப்பி கொடுத்தனுப்பியிருக்கிறார். இந்த வீட்டுக் குளிர்ப்பெட்டியில் பால் இல்லாமல் இருந்திருக்கிறது, அந்தக் குப்பி இல்லாமல் இருந்ததே இல்லை.

13 பிப்ரவரி

ஆய்வகத்தில் நல்ல நாள். இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்கள் கிண்ணத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, தளக்கல் பதித்ததுபோல் பரவியிருந்தன. அதில் இரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் ஒரு துளி விட்டேன். டீ ஆறுவதற்குள் செல்கள் சுருங்கி விலகின. நடுவே இடைவெளி தெரிய ஆரம்பித்தது.

எட்டு வருடமாகப் பார்க்கிற காட்சி. இன்னும் எரிச்சல் வருகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து எல்லோருக்கும் ஒரே பாடம்: அடிபட்டால் இரத்தம் உறையும், த்ராம்பின் ஃபைப்ரின் நூலை நெய்யும், ஓட்டை அடையும், கதை முடிந்தது. முடியவில்லையே! அதே த்ராம்பின் செல்லின் கதவையும் தட்டுகிறது. செல் கதவைத் திறக்கிறது, வெள்ளணுக்களைக் கூப்பிடுகிறது. வந்த வெள்ளணு ஃபைப்ரினைத் தொட்டால் இன்னும் வெறி கொள்கிறது. வெறிகொண்ட வெள்ளணு அந்த நூலையே கெட்டிப்படுத்திவிடுகிறது. பிறகு உடம்பால் அதைக் கரைக்க முடிவதில்லை. கட்டி வீக்கத்தை வளர்க்கிறது, வீக்கம் கட்டியை வளர்க்கிறது. இதைச் சொன்னால் கிண்ணத்து டாக்டராம்.

சாப்பிடும்போது இல்கெரிடம் சொல்லிப் பார்த்தேன். "வலை மீனைப் பிடிக்கும்ல? இந்த வலை பிடிக்கிறதோட நிக்காது. கூச்சல் போட்டு ஊரையே கூட்டும்."

"எங்க அம்மா மாதிரின்னு சொல்லு" என்றான். புண்ணோடு சிரித்ததில் வலி தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டான். சூப்பைக்கூட ஆறவைத்துத்தான் குடிக்கிறான்.

19 பிப்ரவரி, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கத்திவிடுவேன்.

வேலையிலிருந்து வந்தேன். கூடத்தில் டிவி ஓடுகிறது. என் சோபாவில் இல்கெர் குப்புறப் படுத்திருக்கிறான். முதுகெல்லாம் கண்ணாடிக் குப்பிகள், உள்ளே இரத்தம். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கிறார். கடைத்தெரு வைத்தியர் வெய்செல் உஸ்தா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தோலைக் கீறிக் குப்பியால் இரத்தம் உறிஞ்சும் ஹிஜாமா செய்துகொண்டிருக்கிறார்.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற ஆளுக்கு முதுகில் கீறல்! நிற்குமா அது? துண்டுக்கு மேல் துண்டாக நனைந்து போயிற்று. அழுத்திப் பிடித்தே என் கை மரத்துவிட்டது.

"யாரைக் கேட்டு இதெல்லாம் பண்ணீங்க அத்தை?"

"யாரைக் கேக்கணும்? என் புள்ள. இரத்தம் கெட்டியாயிடுச்சுன்னு உன் டாக்டர்தான சொன்னான்? கெட்ட இரத்தத்த எடுத்தா நல்லது ஊறும். பிறை பார்த்துத்தான் நாள் குறிச்சேன். எனக்கும் இன்னைக்கே போட்டுக்கிட்டேன், தெரியுமா? எனக்கு முதல்ல, அவனுக்கு அப்புறம்."

ரொம்பப் பெருமை. உஸ்தா குப்பிகளைத் துடைத்து எடுத்துக்கொண்டே, "நல்ல கருப்பா வந்துச்சு அக்கா, பாத்தீங்களா" என்று அத்தையிடம் சொல்கிறார். நான் நிற்பதே அவர் கண்ணில் படவில்லை.

இல்கெர் திரும்பிப் பார்க்காமல், "அம்மா மனசு கேக்கல, விடு நெர்மின்" என்றான். விடணுமாம். எதைத்தான் விடுறது நான்?

21 பிப்ரவரி, வெள்ளி

விட முடியாது. இல்கெரின் முதுகில் கீறிய இடம் ஒவ்வொன்றிலும் சீழ்க் கொப்புளம். சிவந்த வட்டம், நடுவே வெள்ளைத் தலை. ஒரு கீறல்கூடத் தப்பவில்லை.

நேரே உஸ்தாவின் கடைக்குப் போனேன். சுவரில் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அதற்குக் கீழே நின்று, தையல்கடைக்காரர், ஊறுகாய்க் கடைக்காரர், எதிர்த்த டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்: "துருப்பிடிச்ச பிளேடால என் புருஷன் முதுகைக் கிழிச்சீங்களே, கை கழுவுற பழக்கம் உண்டா இல்லையா?"

அவர் முகம் வெளிறிவிட்டது. பிளேடு உறையைப் பிரிக்காமல் என் முன்னே தூக்கிப்போட்டார். "புதுசு! ஒரு ஆளுக்கு ஒண்ணு! என் கை சுத்தம்மா. உன் வாயைக் கழுவு முதல்ல."

சுகாதார அலுவலகத்துக்கு அங்கிருந்தே ஃபோன் போட்டுப் புகார் சொன்னேன். அவருக்குக் கேட்கும்படியே சொன்னேன். பெயரை எழுத்துக் கூட்டியும் சொன்னேன்.

24 பிப்ரவரி

கடையை மூடி வைத்திருக்கிறார்களாம், சோதனை முடியும் வரை. அத்தை என்னோடு பேசுவதில்லை. நான் வாங்கிக் கொண்டுபோன சூடான கெவ்ரெக் ரொட்டியைத் தொடக்கூட இல்லை. "எனக்குப் பசியில்ல, பசி வந்தா என் புள்ள வாங்கித் தருவான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மருத்துவமனையில் இல்கெருக்கு இரத்தம் எடுத்த இடத்திலும், முழங்கை மடிப்பில், அதே மாதிரிக் கொப்புளம். அங்கேயும் போய் நர்சைப் பிடித்துச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். இந்த ஊரில் ஒருத்தருக்குக்கூடவா கை சுத்தமில்லை?

27 பிப்ரவரி

இருமல். சிகரெட் என்கிறான்.

1 மார்ச்

இருமியபோது கைக்குட்டையில் சிவப்பு. அவன் மறைக்கப் பார்த்தான். நான் பார்த்துவிட்டேன். மருத்துவமனைக்குக் கிளம்புகிறோம்.

2 மார்ச், ஞாயிறு

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும். நாளைக்கு ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

டாக்டர் குர்ஹான் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: "காலில இருந்த கட்டி நுரையீரலுக்குப் போயிருச்சு. சாயங்காலமே ஊசியை ஆரம்பிக்கணும். மாத்திரையை விட ரொம்ப வீரியமானது, இரத்தம் தண்ணி மாதிரி ஓடும்."

"ஸ்கேன்?"

"நாளைக்கு எடுப்போம். மெஷின்ல கூட்டம்."

"இரத்தம் துப்புற ஆளுக்கு, ஏன் துப்புறார்னு பார்க்காம, இரத்தத்தை இன்னும் நீர்க்க வைக்கப் போறீங்களா?"

"மேடம், மறுபடியும் ஆரம்பிக்காதீங்க."

தாழ்வாரத்துக்கு வந்தேன். அத்தை தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். என்னோடு பேசாமல் இருந்தவரை நான்தான் சீண்டினேன். "அந்த உஸ்தாவோட அழுக்குப் பிளேடால வந்த விஷம்தான் நெஞ்சுல ஏறியிருக்கும், தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெண்கள் தொழுகை அறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். திரும்பி நின்று, மேல்சட்டையைத் தோள் வரை தூக்கினார்.

"பாருடீ! நல்லா பாரு! அதே ஆளு, அதே நாளு, அதே பெட்டியில இருந்த பிளேடு. எனக்கு முதல்ல போட்டான்னு சொன்னேன்ல? ஒரு பரு இருக்கா? ஒரே ஒரு பரு? ஒரு மனுஷன் பொழப்புல மண்ணைப் போட்டியே, பாவி!"

பார்த்தேன். எழுபது வயது முதுகு. வட்ட வட்டமாகக் குப்பித் தடம், மங்கிப்போய் மஞ்சளாக. மெல்லிய கீறல் கோடுகள், ஆறிப்போனவை. சுத்தமான முதுகு.

ஆய்வகத்தில் நாங்கள் ஒரு கிண்ணத்தில் மருந்து விட்டால், பக்கத்தில் மருந்து விடாத கிண்ணம் ஒன்றை வைப்போம். மற்றதெல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அந்தக் கிண்ணம் இல்லாத முடிவைக் குப்பையில் போடு என்று மாணவர்களிடம் கத்துகிறவள் நான். அந்தக் கிண்ணம் பத்து நாளாக என் பக்கத்திலேயே நடமாடியிருக்கிறது, கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

பிளேடு அழுக்கில்லை. நர்சின் கையும் அழுக்கில்லை. ஊசி எங்கே குத்தினாலும் இல்கெரின் தோல் தீப்பிடித்ததுபோல் கிளம்புகிறது. அவனுடைய வெள்ளணுக்கள் சும்மா இருக்கத் தெரியாதவை. அப்படியானால் காலின் இரத்தக் குழாயில் என்ன நடக்கும்? அங்கே வெறும் கட்டியா? சுவரே அழன்று, அதன்மேல் கட்டி படிந்திருக்கிறது. அப்புறம் அந்த வாய்ப்புண். அந்த மல்பெரிக் குப்பி. கல்யாணமான நாளிலிருந்து குளிர்ப்பெட்டிக் கதவைத் திறக்கும்போதெல்லாம் என் கண் முன்னால்! பெஹ்செட் நோய், வெள்ளணுக்கள் சொந்த இரத்தக் குழாய்களையும் தோலையும் வாயையுமே புண்ணாக்குவது. இந்த நாட்டு டாக்டரின் பெயரைத் தாங்கிய நோய், இந்த நாட்டு மருத்துவமனையில், எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அதில் நுரையீரல் தமனி பலூன் மாதிரி உப்பும். உப்பியிருக்கும்போது அந்த ஊசியைப் போட்டால் –

அத்தையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். நர்ஸ் ஊசிக்குள் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவே போய் நின்றுகொண்டேன். "போடக்கூடாது. ஸ்கேன் எடுக்காம போடக்கூடாது. என் மேல குத்துங்க வேணும்னா." இல்கெர், "நெர்மின், மானம் போகுது" என்றான். போகட்டும்.

ஒரு கருத்தரங்கில் சந்தித்த மூட்டுவாத மருத்துவர் முபெஜ்ஜெல் ஞாபகத்துக்கு வந்தார். ஃபோன் செய்தேன். அடுத்த கட்டடத்திலிருந்து செருப்பு சத்தத்தோடு வந்தார், குள்ளமான பெண்மணி, கோட்டுப் பையில் பாதி கடித்த ஆப்பிள். முதுகைப் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். அப்புறம் இல்கெரைக் கேட்டார்: "வாயில புண் வருமா? கண்ணு சிவக்குமா? ... கீழே?"

இல்கெர் சுவரைப் பார்த்தான். "அம்மாவும் நெர்மினும் வெளிய போகட்டும்" என்றான்.

கீழேயும் புண் வந்திருக்கிறது. பல முறை. சேவல் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படகில் நிற்கிறவன், எவளிடமோ போய் வாங்கிக்கொண்டு வந்தான் என்று நினைத்துவிடுவேனோ என்று பயந்து, கட்டின மனைவியிடம் கால்சட்டை உரசிய புண் என்று சொல்லியிருக்கிறான். எனக்கு அழுகை வரவில்லை. அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. உயிர் போயிருக்குமேடா முட்டாளே!

முபெஜ்ஜெல் சத்தம் போட்டதில் மெஷினில் கூட்டம் குறைந்துவிட்டது. ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரல் தமனி உப்பியிருக்கிறது, வால்நட் அளவுக்கு. ஊசி தட்டிலேயே கிடந்தது.

4 மார்ச்

உறுதிக்காக முன்கையில் சுத்தமான ஊசியால் குத்திப் பார்த்தார்கள். இன்று அங்கே கொப்புளம். முபெஜ்ஜெல், "இது மாதிரி அழகான கொப்புளம் பாத்து நாளாச்சு" என்றார். இந்த டாக்டர்களுக்கு எதுவெல்லாம் அழகு!

வெள்ளணுக்களை அடக்கும் மருந்து ஆரம்பித்துவிட்டது. இரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை நிறுத்தம். சுவர் ஆறினால் கட்டி தானாக அடங்கும்.

டாக்டர் குர்ஹான் வந்து இல்கெரிடம், "அந்தப் புண்ணை முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார்.

"நீங்க கேட்டீங்களா?" என்றேன்.

சரி, நானும்தான் கேட்கவில்லை. ஆனால் நான் அவனைப் பொய்யன் என்று சொல்லவில்லை.

9 மார்ச்

கழுத்து வலிக்கிறது என்றான். தமனி வெடித்துவிட்டதோ என்று ஓடினால், தலையணை சரியில்லையாம்.

15 மார்ச், சனி

புகாரை ஒரு வாரத்துக்கு முன்பே திரும்பப் பெற்றுவிட்டேன். சோதனையிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. கடை திறந்துவிட்டார்கள். இன்று போனேன்.

வெய்செல் உஸ்தா என்னை உட்காரச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன், மெதுவாக.

"அன்னைக்கு இப்படியா பேசின? அன்னைக்கு ஊறுகாய்க் கடை வரைக்கும் கேட்டுச்சே. இன்னைக்கு எனக்கே கேக்கல."

சரி என்று வாசலுக்கு வந்தேன். தையல்கடைக்காரர், ஊறுகாய்க்காரர், டீக்கடையில் அன்று இருந்தவர்களில் பாதிப்பேர். "இவரோட பிளேடு சுத்தம். கை சுத்தம். நான் சொன்னது தப்பு" என்று அதே குரலில் கத்தினேன். ஊறுகாய்க்காரர் கைதட்டினார், கிராதகன்.

உஸ்தா உள்ளேயிருந்து, "ஆனா உன் புருஷன் இரத்தம் கெட்ட இரத்தம்தான், நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார்.

"உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுற ஆளைக் கீறினதும் தப்புதான் உஸ்தா. கேட்டிருக்கணும் நீங்க." அதையும் அதே குரலில்தான் சொன்னேன். மன்னிப்பு கேட்கப் போனால் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு வர வேண்டுமா என்ன?

முறைத்துக்கொண்டே டீ வரவழைத்தார்.

22 ஏப்ரல்

தமனியின் உப்பல் பாதியாகக் குறைந்திருக்கிறது.

16 மே

டாக்டர் குர்ஹானிடமிருந்து ஃபோன். "நெர்மின் மேடம், இருபது வயசுப் பையன் ஒருத்தன், கால்ல கட்டி. வாய்ப்புண் வருமான்னு கேட்டேன். வரும்னான். முபெஜ்ஜெல்கிட்ட அனுப்பிட்டேன். சும்மா, சொல்லலாம்னு."

கிண்ணத்து டாக்டருக்கு எதற்குச் சொல்கிறீர்கள் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "நல்லது சார்" என்றேன். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கோபமாகத்தான் இருந்தேன். எங்களுக்கு அதைக் கேட்க ஏன் வாய் வரவில்லை?

2 ஜூன்

இல்கெர் மறுபடியும் படகில். கயிறு தூக்கக்கூடாது, டிக்கெட் வாசலில் நிற்கிறான். தன்னைப் பொம்மையாக நிறுத்திவிட்டார்கள் என்று புலம்பல். கேட்கக் காது குளிர்கிறது.

அத்தை தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "டாக்டரும் இல்ல, மருமகளும் இல்ல. என் முதுகுதான் என் புள்ளயக் காப்பாத்துச்சு." மறுக்க முடியவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

27 ஜூலை, ஞாயிறு

மல்பெரிக் காலம். அத்தை கை, தலைத்துணி, மேல்சட்டை எல்லாம் ஊதாக்கறையோடு வந்து இறங்கினார். பெரிய குப்பி, இந்த வருடத்துச் சாறு. "உங்க வீட்டுக்கு மட்டும்தான் இவ்வளவு பெருசு. உன் புருஷன் குடிச்சே தீர்த்துருவான்."

குளிர்ப்பெட்டியைத் திறந்து வைக்கப் போனவர் நின்றுவிட்டார்.

"இது போன வருஷத்துது. ஏன் அப்படியே இருக்கு? என் கையால செஞ்சதத் தொடக்கூடாதுன்னு வெச்சிருக்கியா?"

எனக்கு உடனே சுள்ளென்று ஏறியது. பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தையே குப்பியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துவரை இருந்தது. மூடி, சர்க்கரை இறுகித் திறக்க வரவில்லை. பிப்ரவரியில் அவர் கொடுத்தனுப்பியது, மார்ச்சுக்குப் பிறகு யாரும் தொடவில்லை.

கூடத்திலிருந்து இல்கெர் வறுத்த கடலையைக் கடகடவென்று மென்றுகொண்டே பந்தாட்டக்காரர்களைத் திட்டும் சத்தம் வந்தது. உப்புக் கடலை, புண் இருந்தால் தொட்டிருக்கவே மாட்டான். அத்தை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

பிறகு மூடியை வெந்நீரில் காட்டித் திறந்தார். ஜாடியில் ஊற்றி, குளிர்ந்த நீர் கலந்து, பனிக்கட்டி போட்டார். மூன்று கண்ணாடி டம்ளர்களை எடுத்தார்.

"வா, பால்கனிக்குப் போவோம்" என்றார். "இத்தனை வருஷமா செய்யுறேன், நான் இதோட ருசியப் பாத்ததே இல்ல."